கண் எங்கே இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

மஞ்சள், சேனை, வாழைக்கன்று, கோரை என்று மண்ணுக்கடியில் இருப்பதைப் பற்றியே இந்த முறை நிறையக் கேள்விகள். அதனால் இந்தப் பகுதியை முழுக்க அவற்றுக்கே ஒதுக்கிவிட்டோம்.

உருளைக்கிழங்கு தண்டாம், சர்க்கரைவள்ளி வேராம். இரண்டும் மண்ணுக்குள்தானே விளைகின்றன? பள்ளியில் படிக்கும் மகள் கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. – வாசகி, கரூர்

மகளிடம் ஒரு பெரிய உருளைக்கிழங்கு, பத்துப் பதினைந்து குண்டூசி, ஒரு முழம் நூல் கொடுங்கள். கிழங்கின் ஒரு முனையில் சின்னத் தழும்பு இருக்கும். தாய்ச்செடியிலிருந்து வந்த கொடி ஒட்டியிருந்த இடம் அது. அங்கிருந்து தொடங்கி, ஒவ்வொரு குழியிலும், அதாவது ஒவ்வொரு 'கண்'ணிலும், ஓர் ஊசியைக் குத்தச் சொல்லுங்கள். அடுத்தடுத்த ஊசிகளை நூலால் இணைத்தால் நூல் கிழங்கைச் சுற்றிச் சுற்றி மறுமுனைக்குப் போகும். செடியின் தண்டில் இலைகள் எந்த ஒழுங்கில் சுற்றி ஏறுகின்றனவோ அதே ஒழுங்கு. கண்ணுக்குப் பக்கத்தில் புருவம்போல ஒரு கோடு தெரியும். அது உதிர்ந்துபோன செதில் இலையின் தழும்பு. கணு, இலைத் தழும்பு, அதன் கக்கத்தில் மொட்டு ஆகிய மூன்றும் இருந்தால் அது தண்டு, மண்ணுக்குள் இருந்தாலும் சரி.

சர்க்கரைவள்ளியில் இந்த ஒழுங்கைத் தேடினால் கிடைக்காது. அதுவும் முளைவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த முளைகள் கணுவிலிருந்து வருவதில்லை. வேரின் சதையிலிருந்து புதிதாக உண்டாகின்றன. மரவள்ளிக் கிழங்கு அதுகூடச் செய்யாது. அதனால்தான் மரவள்ளிக்குக் கிழங்கை விட்டுவிட்டு, 15 முதல் 20 செ.மீ. நீளக் குச்சியை நடுகிறோம்.

வெயில் பட்டால் பச்சையாவதை வைத்து மட்டும் தண்டு என்று முடிவு கட்ட வேண்டாம். கேரட்டின் தோள்பகுதியும் மண்ணுக்கு மேலே தெரிந்தால் பச்சையாகும். பச்சையான உருளைக்கிழங்கில் சோலனைன் என்ற நச்சுப்பொருள் கூடியிருக்கும் என்பதால் சோதனை முடிந்த பிறகு அதைக் குழம்பில் போடாதீர்கள்.

பாடப்புத்தகம் தரைகீழ்த் தண்டுகளை நான்காகப் பிரிக்கிறது. இஞ்சியும் மஞ்சளும் மட்டநிலத்தண்டு, சேனை கந்தம், உருளை கிழங்கு, வெங்காயம் குமிழம். பேச்சு வழக்கில் வெங்காயம் தவிர மற்ற எல்லாமே நமக்குக் கிழங்குதான், மரவள்ளியும் உட்பட. குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது.

விதை மஞ்சளுக்கு விரலி நல்லதா, குண்டு நல்லதா? போன வருடம் எடுத்து வைத்த விதையில் பாதிக்கு மேல் நடவுக்கு முன்பே அழுகிவிட்டது. – வாசகர், அந்தியூர்

முதலில் மஞ்சள் மண்ணுக்குள் எப்படிக் கட்டுகிறது என்று பார்த்துவிடலாம். நட்ட துண்டின் கண்ணிலிருந்து முளை மேலே வந்து இலைவிடும். அந்த முளையின் அடிப்பகுதி பருத்துக் குண்டாகிறது. குண்டின் கணுக்களில் உள்ள பக்கக் கண்கள் கிளைத்து விரலியாகின்றன. விரலியிலிருந்து மறுபடி சிறு விரலிகள். ஆக, குண்டு என்பது ஒரு செடியின் அடித்தண்டு. விரலி அதன் கிளை.

குண்டில் சேமிப்பு அதிகம். முளை தடிப்பாக வரும், தொடக்க வளர்ச்சி வேகமாக இருக்கும். பெரிய குண்டை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, இரு பக்கமும் கண் இருக்கும்படி நடலாம். விரலியை 4–5 செ.மீ. துண்டாக, ஒன்றிரண்டு நல்ல கண்ணோடு எடுக்க வேண்டும். விரலி இருப்பில் கெடாமல் நிற்கும், ஈரமான மண்ணையும் சற்றுத் தாங்கும், விதையளவும் குறையும். தண்ணீர் வடியாத வயலென்றால் விரலியைத்தான் சொல்வோம். ஏக்கருக்கு 600 முதல் 800 கிலோ விதை பிடிக்கும்.

இனி அழுகலுக்கு வருவோம். விதை அழுகுவதற்கான காரணம் பெரும்பாலும் கிடங்கில் இல்லை, அறுவடையிலேயே தொடங்கிவிடுகிறது. இலை முழுக்கக் காய்ந்து சாயும் முன்பே வெட்டிய மஞ்சள், கடப்பாறை பட்டுக் காயமான மஞ்சள், நோய் கண்ட பாத்தியிலிருந்து வந்த மஞ்சள் ஆகிய மூன்றையும் விதைக் குவியலில் சேர்க்கக் கூடாது. வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும் கிழங்கின் உள்ளேயும் பித்தியம் பூஞ்சாணம் இருக்கலாம். ஆகவே செடி நிற்கும்போதே நோயில்லாத பாத்தியை அடையாளம் வைத்து, விதைக்கென்று தனியாக வெட்டுங்கள்.

மண் ஒட்டியிருந்தால் தட்டிவிட்டு, நிழலில் ஈரம் உலர்த்தி, 3 லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் வீதம் மான்கோசெப் கரைத்த நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். மறுபடி மூன்று நான்கு மணி நேரம் நிழலில் காய வேண்டும். இந்த இரண்டாவது உலர்த்தலைத்தான் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஈரத்தோடு குவித்த விதை தன் சூட்டிலேயே அவிந்துபோகும். மர நிழலிலோ காற்றோட்டமான கொட்டகையிலோ குவித்து, மஞ்சள் தழையால் மூடி, மேலே சாணமும் மண்ணும் கலந்து மெழுகும் முறை நன்றாகவே வேலை செய்கிறது. குழியில் வைப்பதானால் அடியில் மணலோ மரத்தூளோ பரப்பி, கிழங்கை அடுக்கி, மேலே காற்றுக்கு இடம் விட்டு, துளையிட்ட பலகையால் மூடுங்கள். கிடங்கு எதுவானாலும் மாதம் ஒரு முறை பிரித்துப் பார்த்து, அழுகியதையும் சுருங்கியதையும் பொறுக்கி எடுங்கள். தோலில் சாம்பல் நிறப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் அது செதில் பூச்சி. கண்ணைச் சுற்றி உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும், அந்தக் கிழங்கு முளைக்காது. அதைக் கழுவிச் சரிசெய்யப் பார்க்காமல் கழித்துவிடுவதே மேல்.

விதைச் செலவு உறுத்துகிறதென்றால் குழித்தட்டு முறையை யோசியுங்கள். 45-க்கு 15 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 60,000 செடி வரும். ஒற்றைக் கண்ணோடு 5 முதல் 7 கிராம் துண்டாக வெட்டினால் 300 முதல் 420 கிலோ போதும். நேர்த்தி செய்த துண்டுகளை 98 குழித் தட்டில், மக்கிய தென்னை நார்க்கழிவு மூன்று பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு கலந்த ஊடகத்தில் வைத்து, நிழல்வலைக்குக் கீழே 30–40 நாள் வளர்த்து நடவு செய்கிறார்கள். முளைக்காததும் நோய் கண்டதும் தட்டிலேயே தெரிந்துவிடும் என்பது இதில் பெரிய லாபம். ஆனால் துண்டில் சேமிப்பு குறைவு. நட்ட முதல் இரண்டு வாரம் தண்ணீர் தவறினால் நாற்று தாங்காது. ஆள் பற்றாக்குறை உள்ளவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

எந்த முறையில் நட்டாலும் இரண்டாம் மாதமும் நான்காம் மாதமும் மண் அணைப்பதைத் தவறவிடாதீர்கள். பக்கக் கண்கள் விரலியாகக் கிளைக்கும் காலம் அது. மண்ணுக்கு வெளியே தெரியும் கண், விரலியாவதற்குப் பதில் இலைக்குருத்தாக ஓடிவிடும்.

மஞ்சள் பூக்கிறதே, விதை ஏன் வைப்பதில்லை? – வாசகர், பென்னாகரம்

பயிர் மஞ்சளின் செல்லில் 63 குரோமோசோம்கள், மூன்று தொகுதியாக இருக்கின்றன. இரண்டு தொகுதியானால் சமமாகப் பிரிந்து மகரந்தமும் சூலும் உருவாகும். மூன்றைச் சமமாகப் பிரிக்க முடியாது. காஷ்மீரின் பாம்பூரில் விளையும் குங்குமப்பூவுக்கும் இதே கதி. அங்கே கந்தம்தான் விதை.

மஞ்சளில் மிக அரிதாக விதை பிடிக்கும். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் அப்படிக் கிடைத்த விதை நாற்றுகளிலிருந்து தேர்ந்தவைதான் பிரபா, பிரதிபா இரகங்கள். நம் பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்தில் வேறு வழியில் போனார்கள். ஈரோடு நாட்டு மஞ்சளின் கிழங்குக்கு எக்ஸ் கதிர் பாய்ச்சி, மாறி வந்ததைத் தெரிந்தெடுத்தார்கள். பி.எஸ்.ஆர்.1 இரகம் அப்படி வந்தது. கிழங்கு வழியாகவே பெருகும் பயிரில் எல்லாச் செடியும் ஒரே செடியின் நகல். இரகம் கலக்காது என்பது வசதி. நோய் வந்தால் ஒன்றும் தப்பாது என்பது அதன் விலை.

சேனைக்கிழங்கை வெட்டி நட்டதில் மேல் துண்டுகள் முளைத்தன, கீழ்த் துண்டுகள் அப்படியே கிடந்து அழுகின. ஏன்? – வாசகர், குளித்தலை

வெட்டிய திசை தவறு. சேனையின் மேல்பக்க நடுவில் ஒரு குழியும் அதைச் சுற்றி வளையமும் இருக்கிறதல்லவா, முதன்மை மொட்டு அங்கேதான் இருக்கிறது. கிழங்கைக் குறுக்கே இரண்டாக அறுத்தால் மொட்டு முழுவதும் மேல் துண்டோடு போய்விடும். கீழ்த் துண்டுக்குச் சதை மட்டும்தான் மிச்சம். கேக் வெட்டுவதுபோல நடுவிலிருந்து விளிம்புக்கு, மேலிருந்து கீழாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் நடு வளையத்தின் ஒரு பகுதி கட்டாயம் இருக்க வேண்டும்.

துண்டு 750 கிராம் முதல் ஒரு கிலோ வரை இருந்தால் நல்ல எடைக் கிழங்கு கிடைக்கும். கெட்டியான சாணிக் கரைசலில் முக்கி, நிழலில் வெட்டுவாய் காயும்வரை வைத்து, பிறகு நடுங்கள். குழி 60 செ.மீ. நீள அகலம், 45 செ.மீ. ஆழம், குழிக்குக் குழி 90 செ.மீ. வளையம் மேல்நோக்கி இருக்க வேண்டும். கவிழ்த்து வைத்தாலும் முளைக்கும், ஆனால் முளை சுற்றிக்கொண்டு மேலே வருவதற்குள் பலவீனமாகிவிடும்.

அறுவடை செய்த சூட்டோடு நடுவதும் பயன் தராது. கிழங்குக்கு ஒன்றரை முதல் இரண்டு மாதம் உறக்கம் உண்டு. தையில் எடுத்ததை மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ நடுவது அதனால்தான்.

இன்னொன்று. சேனையில் தண்டு என்று நாம் நினைக்கும் அந்தப் புள்ளி போட்ட காம்பும், மேலே குடையாக விரிவதும் சேர்ந்து ஒரே ஓர் இலை. உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்குதான். நட்ட துண்டு தன் சேமிப்பைக் கொடுத்துவிட்டுச் சுருங்கிப்போக, அதன் தலைமேல் புதிய கிழங்கு கட்டுகிறது. எனவே களை எடுக்கும்போது காம்பின் அடியில் கொத்து படாமல் பாருங்கள். அந்தக் காயத்தில் தண்ணீரும் தேங்கினால் அடியழுகல் பூஞ்சாணம் ஏறும். இருக்கும் ஒரே இலையும் சாய்ந்துவிட்டால் கிழங்கு அந்த அளவிலேயே நின்றுவிடும்.

கோரையை உழ உழக் கூடிக்கொண்டே போகிறது. நிலத்தையே விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. – வாசகர், திருமங்கலம்

விட்டுவிட வேண்டாம், உழும் காலத்தை மாற்றுங்கள்.

கோரையைப் பிடுங்கினால் கையோடு வருவது இலையும் அடிக்கட்டையும்தான். கீழே மெல்லிய தண்டுகள் ஓடி, நூலில் கோத்த மணிபோலக் கிழங்குகளைக் கட்டியிருக்கின்றன. ஒரு சங்கிலியில் பெரும்பாலும் நுனிக் கிழங்கு மட்டும் முளைத்திருக்கும். மற்றவை அதன் ஆதிக்கத்தில் உறங்கும். ஏர் ஓட்டிச் சங்கிலியை அறுத்தால் ஆதிக்கம் போய்விடுகிறது. உறங்கிய ஒவ்வொரு கிழங்கும் தனித்தனிச் செடியாக எழும். ஈர மண்ணில் ரோட்டவேட்டர் ஓட்டுவது கோரைக்கு நடவு செய்து கொடுப்பதற்குச் சமம்.

இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். கோரைக் கிழங்குக்கு எதிரி உலர்ச்சி. சித்திரைக் கோடையில், மண் காய்ந்திருக்கும்போது, சட்டிக் கலப்பையால் ஆழ உழுது புரட்டிப் போடுங்கள். பெரும்பகுதிக் கிழங்குகள் மேல் 15 செ.மீ. மண்ணில்தான் இருக்கும். அவை வெயிலில் காய்ந்து சுருங்க வேண்டும். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை திரும்ப ஓட்டினால் அடியில் தங்கியதும் மேலே வரும். இடையில் கோடை மழை பெய்துவிட்டால் முளைக்கத்தான் செய்யும். முளைத்த மூன்று வாரத்துக்குள் மறுபடி வெட்டுங்கள். அதைத் தாண்டினால் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும், அதுவரை செய்த வேலை வீண். முளைக்கவைத்து, கிழங்கு கட்டும் முன் வெட்டி, மறுபடி முளைக்கவைப்பதைத் தொடர்ந்தால் பழைய கிழங்கின் சேமிப்பு கரைந்துபோகும்.

அடுத்த ஆயுதம் நிழல். கோரை வெயிலை விரும்பும் களை. சணப்பையையோ தட்டைப்பயறையோ நெருக்கி விதைத்து மூடினால் துவண்டுவிடும். மெல்லிய பிளாஸ்டிக் மூடாக்கை நம்பாதீர்கள். ஊசி முனை முளை அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும். தண்ணீர் வசதியுள்ளவர்கள் ஒரு போகம் சேற்று நெல் வைத்தால் மேட்டுநிலக் கோரை நன்றாக அடங்கும்.

உள்ளே ஊடுருவும் களைக்கொல்லிகள் இலை வழியாக இறங்கி, முளைத்து உயிரோட்டமாக இருக்கும் கிழங்குக்குத்தான் போகும். உறங்கும் கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. மருந்து அடித்த ஒரு மாதத்தில் மறுபடி பச்சை தெரிவதற்குக் காரணம் அதுதான். மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கடைசியாக, வெளியிலிருந்து அடிக்கும் வண்டல் மண்ணையும் நாற்றங்கால் பைகளையும் சோதித்து வாங்குங்கள். ஒரு வண்டி மண்ணில் வரும் பத்துக் கிழங்கு போதும்.

வாழையில் எந்தக் கன்றை எடுப்பது? மறுதாம்பில் (குலை வெட்டிய தூரிலேயே கன்றை விட்டு எடுக்கும் அடுத்த போகத்தில்) கிழங்கு மண்ணுக்கு மேலே வந்துவிடுகிறதே, அதற்கு என்ன செய்வது? – வாசகர், முசிறி

ஈட்டிபோலக் குறுகிய இலையோடு, அடி பருத்து நுனி கூம்பி நிற்கும் ஈட்டிக்கன்றை எடுங்கள். எடை ஒன்றரை முதல் இரண்டு கிலோ, வயது மூன்று மாதம். சின்னதாக இருக்கும்போதே அகன்ற இலை விரித்து நிற்பது நீர்க்கன்று. அதற்குத் தாய்க்கிழங்கோடு தொடர்பு பலவீனம். தானே சமைத்துச் சாப்பிட வேண்டிய நிலையில்தான் இலையை அவசரமாக விரித்திருக்கிறது. பார்க்கத் தளதளவென்று இருப்பதால் ஏமாறுவோர் அதிகம்.

தோண்டிய கன்றின் வேர்களைக் கழித்து, கிழங்கின் தோலை மெல்லச் சீவிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும். கறுப்புச் சுரங்கம் தெரிந்தால் கிழங்குக் கூன்வண்டு, செம்பழுப்பு இழைகள் தெரிந்தால் பனாமா வாடல். இரண்டையும் வயலுக்குள் விடாதீர்கள்.

வாழையில் மண்ணுக்கு மேலே நிற்பது இலையுறைகளின் சுருள். தண்டு கிழங்குதான். குலை தள்ளும்போது அந்தக் கிழங்கின் வளர்முனைதான் நடுவே ஏறிப் பூவாக வெளியே வருகிறது; நாம் பொரியல் செய்யும் வாழைத்தண்டு அந்த ஏற்றத்தின் காம்பு. முனை செலவாகிவிட்டதால் அந்த மரம் மறுபடி குலை போடாது, பக்கக் கண்ணிலிருந்து எழுந்த கன்றுதான் தொடர வேண்டும். அந்தப் பக்கக் கண்கள் கிழங்கின் மேல்பாதியில் எழுவதால் ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிடச் சற்று உயரத்தில் உட்காரும். மறுதாம்பு மேலே வருவது இதனால்தான். ஆழத்தில் எழுந்த கன்றை விட்டுவைப்பது, மண் அணைப்பது, இரண்டு மூன்று மறுதாம்புக்குப் பிறகு புதிதாக நடுவது தவிர வேறு வழியில்லை. வேண்டாத கன்றைத் தரையோடு சீவினால் பத்து நாளில் மறுபடி வரும். நடுக் குருத்தைக் கிழங்குவரை குடைந்து எடுக்க வேண்டும்.

கண்வலிக்கிழங்கு (செங்காந்தள்) எடுக்கும்போது கவை உடைந்துவிட்டது. விதைக்கு ஆகுமா? – வாசகர், மூலனூர்

இரு கிளையாகப் பிரியும் கிழங்கு இது. கவை நடுவில், அதாவது கிளைகள் சேரும் இடத்தில், உடைந்திருந்தால் கவலையில்லை, இரண்டும் தனித்தனியே முளைக்கும். நுனி உடைந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் நுனியில் ஒரே ஒரு கண்தான். உருளைபோல மாற்றுக் கண் கிடையாது. 50–60 கிராமுக்குக் குறைந்த கிழங்கு முதல் ஆண்டு பூக்கத் தயங்கும். செடி முழுக்கக் கோல்சிசின் நஞ்சு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். கையுறையோடு வேலை செய்யுங்கள்; சமையல் கிழங்கு இருக்கும் இடத்தில் இதைச் சேர்த்து வைக்காதீர்கள்.

சென்னையில் மாடியில் உருளைக்கிழங்கு போட்டேன். இடுப்பளவு செடி, கீழே கோலிக்குண்டு அளவுகூடக் கிழங்கில்லை. – வாசகி, அம்பத்தூர்

உங்கள் உரத்தில் குறையில்லை, இரவில்தான் குறை. மண்ணுக்குள் ஓடும் கொடியின் நுனி பருத்துக் கிழங்காக, இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். சென்னையில் மார்கழியில்கூட அது நிச்சயமில்லை. சூடு கூடினால் செடி மாவுச்சத்தைக் கீழே அனுப்பாமல் தழையிலேயே செலவழிக்கிறது. தழைச்சத்து அதிகம் கொடுத்தால் இது இன்னும் கூடும்.

அதே பையில் இஞ்சி போடுங்கள். முளைத்த கண்ணோடு 20–25 கிராம் துண்டு, 5 செ.மீ. ஆழம், கண் மேல்நோக்கி. இஞ்சி பக்கவாட்டில் படர்வதால் ஆழமான பையைவிட அகலமான பை நல்லது. பையை முக்கால் அளவு நிரப்பி, கிழங்கு வெளியே தெரியத் தெரிய மண் சேருங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. ஆறு மாதத்தில் சமையலுக்கு எடுக்கலாம், அதற்குப் பிறகு நார் கூடும். விதைக்கானால் எட்டு ஒன்பது மாதம் விடுங்கள். செடி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடினால் தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். பால்போல இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்தப் பையின் மண்ணை வேறு தொட்டிக்கு மாற்றாதீர்கள்.

சின்ன வெங்காயம் ஒன்று நட்டால் ஐந்தாறாகப் பிரிவது எப்படி? – வாசகர், பெரம்பலூர்

வெங்காயத்தில் தண்டு என்பது அடியில் வேர் தொங்கும் அந்தச் சின்னத் தட்டு மட்டும். நாம் உரிப்பதெல்லாம் சேமிப்பு இலைகள். தட்டின் மேல் இலைகளின் கக்கத்தில் பல மொட்டுகள் உண்டு. பெல்லாரியில் ஒன்றிரண்டு மட்டும் முன்னே வரும். சின்ன வெங்காயத்தில் பல சேர்ந்து எழுந்து தனித்தனிக் காயாகிவிடும். விதைக்காயில் தட்டு அடிபட்டிருந்தால் எவ்வளவு பெரிய காயும் வீண். விதை மூலம் வரும் கோ–5 போன்ற இரகமும் இருக்கிறது. நாற்று விடும் உழைப்பு கூடும், விதைக்காய்ச் செலவு மிச்சம்.

பனங்கிழங்கு, நிலக்கடலை, வசம்பு, வெட்டிவேர்: இவற்றில் எது தண்டு? – வாசகர், சாத்தான்குளம்

வசம்பு மட்டும். வெட்டிவேர் பெயருக்கேற்றபடி வேர்தான். நடுவது அதன் தூரில் உள்ள தண்டுப் பிளவை. நிலக்கடலை பூவின் விழுது மண்ணிறங்கிக் கட்டிய காய். பனங்கிழங்கு கிழங்கே அல்ல, பனங்கொட்டையிலிருந்து இறங்கிய நாற்று. அவித்துத் தின்றால் ஒரு பனை குறைந்தது என்று கணக்கு. அதை வெட்டி நட்டாலும் முளைக்காது.